நீலத்துக்குத் துணை சிவப்பு: நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் தயாரிப்பதும் பயன்படுத்துவதும்

திசுவில் இரும்பு இருந்தால் நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போட்ட கல்லீரல் ஸ்லைடுக்கு, கைப்பழக்கத்தில் உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலினையும் கொடுத்துவிட்டால் வேலை கெட்டது. இரும்பும் நீலம், உட்கருவும் நீலம். இரும்பு பெரிய கட்டிகளாகச் சேர்ந்திருந்தால் எப்படியோ பிரித்துச் சொல்லிவிடலாம். செல்லுக்குள் நாலைந்து பொடித் துகள்கள்தான் என்றால் 40 லென்ஸில் உற்றுப் பார்த்தாலும் சந்தேகம் தீராது. இந்த இடத்துக்கென்றே இருப்பது நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட். உட்கருவைச் சிவப்பாகவும் சைட்டோபிளாசத்தை வெளிறிய ரோஜா நிறமாகவும் காட்டிவிட்டு, நீலத்துக்கும் கறுப்புக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் சாயம் இது.

ஒதுங்கி நிற்பதுதான் இதன் வேலை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. ஹீமடாக்சிலினும் ஈயோசினும் போட்ட வழக்கமான எச் அண்ட் ஈ ஸ்லைடில் ஹீமடாக்சிலின் பளிச்சென்று இருக்க வேண்டும். இங்கே அந்த ஆசை கூடாது. நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் கொஞ்சம் வெளிறியிருந்தால் ஸ்லைடு பயன்படும், அடர்ந்துவிட்டால் பயன்படாது.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

இந்தச் சாயத்துக்குப் பெயர் குழப்பம் அதிகம். ஜெர்மன் பெயர் கெர்ன்எக்ட்ரோட். கெர்ன் என்றால் உட்கரு, எக்ட் என்றால் சாயம் போகாதது, ரோட் என்றால் சிவப்பு. ஆங்கிலப் பெயர் அதன் நேர் மொழிபெயர்ப்புதான். கால்சியத்தோடும் நிறம் காட்டும் என்பதால் கால்சியம் ரெட் என்றும் ஒரு பெயர் உண்டு. மூன்றும் ஒரே பொருள். ஆனால் ஃபாஸ்ட் ரெட் டி.ஆர். என்று ஒரு பாட்டில் ஃப்ரீசரில் இருக்கும். அது வேறு. அது டையசோனியம் உப்பு. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி இருக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டப் பயன்படுவது, உட்கருவைச் சாயமேற்றாது. நியூட்ரல் ரெட்டும் வேறு சாயம். ஆர்டர் போடும்போது பெயரை மட்டும் எழுதினால் எது வேண்டுமானாலும் வந்து சேரும். சாயங்களுக்கான சி.ஐ. (கலர் இண்டெக்ஸ்) எண் 60760, வேதிப்பொருள்களுக்கான சி.ஏ.எஸ். எண் 6409-77-4 இரண்டையும் எழுதி, வந்த பாட்டிலிலும் அதே எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். எண் சரியாக இருந்தாலும் ஒரு தயாரிப்பாளரின் பொடிபோல இன்னொருவருடையது கரையாது, நிறம் பிடிக்காது. புது பாட்டில் திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கரைசலையும் புதிய கரைசலையும் ஒரே பிளாக்கிலிருந்து (திசு பதிந்த மெழுகுக் கட்டி) வெட்டிய இரண்டு ஸ்லைடுகளில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஏன் அலுமினியம்?

வேதியியலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகள் தானாகப் புரியும். சாயம் ஆந்த்ராகுவினோன் வகை. சல்போனேட் தொகுதி ஒட்டியிருப்பதால் தனியாக விட்டால் எதிர்மின்னேற்றம் கொண்டது. டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டாது. நடுவில் அலுமினிய அயனி வந்தால் சாயம் அதைக் கவ்விக்கொள்கிறது. கவ்விய பிறகு அந்தக் கூட்டுக்கு நேர்மின்னேற்றம் வந்துவிட, அது டி.என்.ஏ.வில் போய் உட்காருகிறது. ஹீமடாக்சிலினுக்கு நாம் படிகாரம் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரின் நிறமும் இதே ஆந்த்ராகுவினோன் குடும்பம்தான். அங்கும் படிகாரம் இல்லாமல் துணியில் சிவப்பு நிற்காது.

ஆக, இது சாயம் மட்டும் உள்ள கரைசல் அல்ல, சாயமும் அலுமினியமும் சேர்ந்த கரைசல். அமிலத்தன்மை இருக்கும்வரை அந்தக் கூட்டு கரைந்திருக்கும். காரம் கலந்த குழாய்த் தண்ணீர் ஸ்லைடோடு ஒட்டிக்கொண்டு ஜாருக்குள் போய்ச் சேரச் சேர, அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரியும், சாயத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். ஜாரின் அடியில் சிவப்புச் சேறு கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரைசல் தயாரிப்பு

வழக்கமான அளவு 100 மி.லி.க்கு 0.1 கிராம் சாயம், 5 கிராம் அலுமினியம் சல்பேட். அரை லிட்டராகப் போட்டுக்கொள்வது வசதி: 0.5 கிராம் சாயம், 25 கிராம் அலுமினியம் சல்பேட், 500 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் தைமால் ஒரு சிறு படிகம்.

அலுமினியம் சல்பேட் பாட்டிலில் நீரேற்றம் எத்தனை என்று பார்க்க வேண்டும். 16 அல்லது 18 நீர் மூலக்கூறு உள்ளது என்றால் மேலே சொன்ன எடை சரி. நீரற்ற வடிவம் என்றால் ஏறக்குறைய பாதி எடையே போதும். உப்பு ஈரம் இழுத்துக் கட்டியாகிவிட்டிருந்தால் எடையை நம்ப முடியாது, வேறு பாட்டில் எடுங்கள். முகம் மழித்த பின் தடவும் படிகாரக்கல் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த உப்பு. எடைக்கு எடை அதில் அலுமினியம் குறைவு. கையில் அதுதான் இருக்கிறது என்று 25 கிராம் போட்டுவிட்டு, சாயம் ஏன் சரியாகப் பிடிக்கவில்லை என்று யோசிப்பதில் பயனில்லை.

ஒரு லிட்டர் கூம்புக் குடுவையில் தண்ணீரை ஊற்றி, ஸ்டிரர் ஓடும்போது அலுமினியம் சல்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெதுவெதுப்பாகச் சூடாக்கி முழுவதும் கரைய விடுங்கள். குடுவை அரை லிட்டர் அளவாக இருந்தால் பொங்கி வழியும். உப்பு கரைந்து தண்ணீர் தெளிந்த பிறகே சாயப்பொடி. பொடியைத் தண்ணீரின் மேல் மொத்தமாகக் கொட்டினால் நனையாத உருண்டைகளாக மிதக்கும், பிறகு அவை கரையவே கரையாது. சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். மெதுவாகக் கொதி வரும்வரை சூடேற்றி, கொதி வந்ததும் சில நிமிடம் அப்படியே வைத்து இறக்கிவிடலாம். நிறம் நல்ல செர்ரிச் சிவப்பாக இருக்கும். ஆவியாகிப் போன தண்ணீரை ஈடுகட்ட, குடுவையில் முதலிலேயே 500 மி.லி. கோட்டை மார்க்கரால் போட்டுவைத்து அந்த அளவுக்கு நிரப்புங்கள்.

அவசரப்பட்டுத் தவறு செய்யும் இடம் அடுத்தது. சூடாக இருக்கும்போது வடிகட்டக் கூடாது. இந்தச் சாயத்துக்கு, அதுவும் இவ்வளவு உப்பு இருக்கும் தண்ணீரில், கரைதிறன் குறைவு. கொதிநிலையில் கரைந்திருப்பதில் ஒரு பங்கு அறைவெப்பத்துக்கு வரும்போது வெளியே வந்துவிடும். சூட்டில் வடிகட்டினால் அந்தப் பங்கு ஃபில்டர் பேப்பரைத் தாண்டிப் போய், பிறகு பாட்டிலுக்குள்ளே, அதற்கும் பிறகு ஸ்லைடில் ஒட்டிய மெல்லிய திசுச் சீவலான உங்கள் செக்‌ஷன் மேலேயே படியும். முழுவதும் ஆறட்டும். இரவு மூடி வைத்து மறுநாள் காலை வடிகட்டினால் இன்னும் நல்லது. வாட்மன் 1 போன்ற சாதாரண ஃபில்டர் பேப்பர் போதும். பேப்பரில் சிவப்பு வண்டல் தங்குவதைப் பார்த்து சாயம் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம்.

வடிகட்டிய பிறகு தைமால். இது பூஞ்சைக்கு. சென்னை, மதுரை வெயிலில் தைமால் இல்லாத பாட்டிலில் சில வாரத்திலேயே பஞ்சுபோல ஏதோ மிதக்கத் தொடங்கலாம். அதைக் காணும்போது வடிகட்டிப் பயன்படுத்தும் எண்ணம் வேண்டாம். பூஞ்சை இழைத் துண்டு ஒன்று செக்‌ஷனில் ஒட்டினால், ஸ்லைடைப் பார்ப்பவர் அதை நோயாளியின் திசுவில் இருப்பதாக நினைக்கும் வாய்ப்பு இருக்கிறது. கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கரைசலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் சாயம் கூடுதலாகப் படியும். வெளிச்சம் நேரே படாத அலமாரியில் அறைவெப்பத்தில் இருக்கட்டும். பாட்டிலில் தயாரித்த தேதியை எழுதுங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வதைவிட, சரியாகச் சாயமேறும் என்று முன்பே தெரிந்த கண்ட்ரோல் ஸ்லைடைப் பார்த்துச் சொல்வது நல்லது: டான்சில் அல்லது குடல்வால் செக்‌ஷனில் 5 நிமிடத்தில் லிம்போசைட் உட்கருக்கள் தெளிவான சிவப்பாக வந்தால் கரைசல் உயிரோடு இருக்கிறது. எத்தனை நாள் ஆகியிருந்தாலும், எடுக்கும் ஒவ்வொரு முறையும் தேவையான அளவை மட்டும் வடிகட்டி எடுக்க வேண்டும்.

பெர்ல்ஸோடு சேர்த்து, முழுமையாக

மாக்ஸ் பெர்ல்ஸ் 1867இல் வெளியிட்ட இரும்புச் சோதனைதான் இந்தச் சாயத்துக்கு அதிக வேலை தருவது. ஆகவே அதையே முழுதாகப் பார்ப்போம். திசு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். அமிலம் கலந்த ஃபிக்சேட்டிவ் இரும்பைக் கரைத்து வெளியேற்றும். எலும்பு மஜ்ஜை டிரெஃபைன் (ஊசியால் எடுத்த எலும்புத் துண்டு) அமிலத்தில் டீகால்சிஃபை ஆகியிருந்தால், அதாவது கால்சியம் நீக்கப்பட்டிருந்தால், அங்கேயும் இரும்பு போயிருக்கும். அந்த ஸ்லைடில் ‘இரும்பு இல்லை’ என்று அறிக்கை எழுதுவது ஆபத்து.

4 முதல் 5 மைக்ரான் செக்‌ஷன். கூடவே இரும்பு இருப்பது உறுதியான ஒரு கண்ட்ரோல் ஸ்லைடு. அடுப்பில் 60 டிகிரியில் அரை மணி நேரம், மெழுகை நீக்கச் சைலீன் இரண்டு மாற்று 5 நிமிடம் வீதம், முழு ஆல்கஹால் இரண்டு, 95 சதவீதம், 70 சதவீதம், பிறகு டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருக்கும், பழைய குழாயில் துரு இருக்கும். இரண்டும் ஸ்லைடில் நீலப் பொடியாக வந்து நிற்கும். இதே காரணத்துக்காகத்தான் துருப்பிடித்த ஃபோர்செப்ஸும் கூடாது. பிளாஸ்டிக் ஃபோர்செப்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜார்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசி, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, பெர்ல்ஸுக்கென்றே தனியாக வைத்துவிட்டால் நிம்மதி.

2 சதவீத பொட்டாசியம் ஃபெரோசயனைடு 25 மி.லி., 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி. இரண்டையும் பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். ஸ்லைடுகளை நிறுத்தி வைக்கும் ஒரு காப்ளின் ஜாருக்கு இது சரியாக இருக்கும். ஃபெரோசயனைடு கரைசல் வெளிறிய மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையோ நீலமோ தட்டியிருந்தால் கெட்டுவிட்டது. ஸ்லைடுகள் இதில் 20 நிமிடம். ஃபெரோசயனைடை அடர்ந்த அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அதனால் இதைச் சூடேற்றிச் சீக்கிரம் முடிக்கலாம் என்ற குறுக்கு வழிக்குப் போகாதீர்கள். பயன்படுத்திய கரைசலை அமிலக் கழிவு கேனிலும் கொட்டாதீர்கள்.

20 நிமிடம் ஆனதும் டிஸ்டில்டு வாட்டர் மூன்று மாற்று. இந்தக் கழுவலில் சோம்பல் கூடாது. தங்கிய ஃபெரோசயனைடு அடுத்த ஜாருக்குள் போய்ச் சேர்ந்தால், அங்கே இரும்பின் சுவடு இருந்தாலும் கரைசலே நீலம் தட்டும்.

இப்போது நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட். அப்போதே வடிகட்டிய கரைசலில் 5 நிமிடம். 3 நிமிடத்திலேயே நிறம் வந்துவிடும் கரைசலும் உண்டு, 10 நிமிடம் கேட்பதும் உண்டு. ஒரு ஸ்லைடை எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் முக்கி, கவர்ஸ்லிப் இல்லாமல் ஈரமாகவே 10 லென்ஸில் பார்த்து நேரத்தை முடிவு செய்யலாம். ஹீமடாக்சிலின்போல ஆசிட் ஆல்கஹாலில் குறைப்பதோ, காரநீரில் நீலமாக்குவதோ இதற்குக் கிடையாது. பிடித்தது பிடித்ததுதான். ஆகவே, கூட வைத்துவிட்டுக் குறைப்பதற்குப் பதிலாக, குறைவாக வைத்துப் பார்த்து இன்னும் இரண்டு நிமிடம் சேர்ப்பதே முறை.

எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை மொத்தம் ஒரு நிமிடம் அலசுங்கள். ஓடும் தண்ணீரில் மறந்து விட்டுவிட்டால் உட்கருவின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பிறகு 95 சதவீத ஆல்கஹாலில் இரண்டு முக்கு, முழு ஆல்கஹால் இரண்டு மாற்று ஒரு நிமிடம் வீதம், சைலீன் இரண்டு மாற்று, டி.பி.எக்ஸ். (ஒட்டும் பிசின்), கவர்ஸ்லிப். 70 சதவீத ஆல்கஹாலைத் தவிர்ப்பது வேண்டுமென்றேதான். தண்ணீர் அதிகமுள்ள ஆல்கஹாலில்தான் சாயம் அதிகம் கசியும்.

சரியாக வந்த ஸ்லைடு எப்படி இருக்கும்? கல்லீரலில் ஹெப்பட்டோசைட் (கல்லீரலின் முதன்மைச் செல்) உட்கரு வட்டமாக, ரோஜாவுக்கும் சிவப்புக்கும் நடுவில், உட்கருச் சவ்வு தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். சைட்டோபிளாசம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கும் அளவுக்கு வெளிறியிருக்கும். அந்த வெளிறலில்தான் பித்தநுண்குழல் பக்கமாக ஒதுங்கி நிற்கும் நீலத் துகள், உயர் உருப்பெருக்கத்தில் மட்டும் தெரியும் அளவுக்குச் சிறியது, கண்ணில் படும். சைட்டோபிளாசம் சிவந்திருந்தால் அதே துகள் மங்கிய ஊதாப் புள்ளியாகிவிடும், பார்ப்பவர் அதைத் தூசி என்று தாண்டிப் போவார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட தலசீமியா நோயாளியின் கல்லீரலில் இரும்பு முதலில் கல்லீரலின் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்களில் தெரியும். உடலில் இரும்பு மிகையாகச் சேரும் பரம்பரை நோயான ஹீமோகுரோமட்டோசிஸில் ஹெப்பட்டோசைட்டுகளில் தெரியும். இரும்பு எந்தச் செல்லுக்குள் என்று சொல்ல அந்தச் செல்லின் உட்கரு தெரிந்தாக வேண்டும். குப்ஃபர் செல்லின் உட்கரு சின்னதாக, நீண்டு இருக்கும், ஹெப்பட்டோசைட்டினுடையது வட்டம். துணைச் சாயம் இல்லாமலே விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மற்ற கூட்டாளிகள்

அல்சியன் ப்ளூ: சளிப் பொருளை நீலமாகக் காட்டும் சாயம், 1950இல் ஸ்டீட்மன் அறிமுகப்படுத்தியது. 3 சதவீத அசெட்டிக் அமிலத்தில் 1 சதவீதம், பி.எச். 2.5, 30 நிமிடம். பிறகு ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம், டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முக்கு, நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் 5 நிமிடம். உணவுக்குழாய் பயாப்சியில் சளி சுரக்கும் கோப்லெட் செல் தேடும்போது நீலக் கோப்பையும் அதன் அடியில் அழுத்தப்பட்ட சிவப்பு உட்கருவும் அழகாகப் பிரிந்து தெரியும். நடுவில் கழுவுவதை மட்டும் குறைக்காதீர்கள். ஒட்டாத அல்சியன் ப்ளூ சிவப்பு ஜாருக்குள் கரைந்தால் இரண்டு நாளில் ஜார் ஊதாவாகிவிடும். அதனால் பெர்ல்ஸுக்கு ஒரு சிவப்பு ஜார், அல்சியனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைப்பது நல்லது.

வான் கோசா: 1901இலிருந்து வழக்கத்தில் இருக்கும் முறை. சில்வர் நைட்ரேட் வெளிச்சத்தில் கறுத்து, கால்சியம் உப்பு படிந்த இடத்தைக் காட்டும். தயோசல்பேட்டுக்குப் பிறகு நன்றாகக் கழுவி, பின் 5 நிமிடம் சிவப்பு. கறுப்புக்கும் சிவப்புக்கும் சண்டை இல்லை, அதனால் இங்கே நேரத்தில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். மெலனின் காட்டும் ஃபோன்டானா-மேசனுக்கும் இதே கதைதான்.

குறிப்பிட்ட மரபணு வரிசையைத் திசுவிலேயே தேடும் இன் சிட்டு ஹைபிரிடைசேஷனில் என்.பி.டி./பி.சி.ஐ.பி. என்ற நிறக் கலவை தரும் நீல ஊதா நிறத்துக்கும், லாக்-இசட் மரபணு சேர்த்த சுண்டெலித் திசுவில் எக்ஸ்-கால் என்ற பொருள் தரும் நீலத்துக்கும் சிவப்பு பொருத்தம்தான். ஆனால் இரண்டிலும் நேரம் ஒன்றிரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஊதாவின் மேல் சிவப்பு ஏறினால் எது சிக்னல், எது துணைச் சாயம் என்று பிரிக்க முடியாது. என்.பி.டி. படிவு ஆல்கஹாலில் ஊறினால் நிறம் மாறும், கரையும். ஆகவே ஆல்கஹால் படிகளை விநாடிக் கணக்கில் முடியுங்கள். சைலீன் கலந்த மவுண்டிங் பிசினில் அது நாள்பட ஊசி ஊசியாகப் படிகம் கட்டுவதும் உண்டு. அந்த ஸ்லைடுகளுக்குத் தண்ணீர் அடிப்படையிலான மவுண்டிங் மீடியம் பாதுகாப்பு.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. ஏ.ஈ.சி. குரோமோஜென் (நொதி இருக்கும் இடத்தில் நிறம் தரும் பொருள்), ஃபாஸ்ட் ரெட் குரோமோஜென், காங்கோ ரெட், பி.ஏ.எஸ்., இவையெல்லாம் சிவப்பு அல்லது மெஜந்தா பக்கம். அங்கே ஹீமடாக்சிலினுக்கே திரும்பிப் போங்கள். டி.ஏ.பி. என்ற குரோமோஜென் தரும் சாதாரணப் பழுப்புக்கும் ஹீமடாக்சிலினே மேல். நிக்கல் சேர்த்துச் சாம்பல் கறுப்பாக்கிய டி.ஏ.பி. என்றால் சிவப்பு பரவாயில்லை.

நியூட்ரல் ரெட்டும் சஃப்ரானினும் மாற்றாகச் சொல்லப்படுபவை. நியூட்ரல் ரெட் சீக்கிரம் பிடிக்கும், ஆல்கஹாலில் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். கை தேர்ந்தவர் செய்தால் அழகாக இருக்கும். நாளுக்கொருவர் மாறி மாறிச் செய்யும் லேபில் நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட்தான் ஒரே மாதிரி வரும்.

கோளாறுகள்

அடிக்கடி வருவது சிவப்புப் புள்ளிகள். திசு மேலும், திசு இல்லாத கண்ணாடி மேலும் மணல் தூவியதுபோல இருக்கும். ஃபைன் ஃபோகஸைத் திருப்பிப் பாருங்கள்: உட்கரு தெளிவாக இருக்கும்போது புள்ளி மங்கியும், புள்ளி தெளியும்போது உட்கரு மங்கியும் போனால் அது திசுவுக்குள் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் வண்டல். வடிகட்டாத கரைசலோ, சூட்டில் வடிகட்டிய கரைசலோதான் காரணம். நீலத் துகளையும் இதே ஃபோகஸ் சோதனையால் பிரிக்கலாம். தண்ணீரிலிருந்து வந்த துருவின் நீலமும் திசுவுக்கு மேல்தளத்தில்தான் நிற்கும்.

ஜார் இல்லாமல், ஸ்லைடைப் படுக்கவைத்துச் சாயத்தைச் சொட்டுவிட்டுச் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தலைக்கு மேலே ஃபேன் ஓடும். 5 நிமிடத்தில் ஓரம் காயும், காய்ந்த ஓரத்தில் சிவப்புப் படிகம் ஒட்டிக்கொள்ளும், அதை எதைக் கொண்டு கழுவினாலும் போகாது. மூடியுள்ள டப்பாவில் நனைத்த டிஷ்யூ பேப்பர் விரித்து, இரண்டு குச்சிகள் மேல் ஸ்லைடைப் படுக்கவைத்து, மூடியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

உட்கருவே சிவக்கவில்லை என்றால் முதலில் கண்ட்ரோல் ஸ்லைடைப் பாருங்கள். அதுவும் வெளிறியிருந்தால் கரைசல் செத்துவிட்டது, அல்லது குழாய்த் தண்ணீர் கலந்து கலந்து அதன் அமிலத்தன்மை போய்விட்டது. கண்ட்ரோல் நன்றாக இருந்து நோயாளி ஸ்லைடு மட்டும் வெளிறியிருந்தால் குறை திசுவில்: அமிலத்தில் நாள்கணக்கில் டீகால்சிஃபை ஆன எலும்பு, ஃபார்மலினில் போடத் தாமதித்த மாதிரி, திசு இறந்துபோன பகுதி. இவற்றில் டி.என்.ஏ. ஏற்கனவே சிதைந்திருக்கும். நேரத்தைக் கூட்டினால் பின்னணிதான் சிவக்கும்.

பின்னணி முழுவதும் சிவந்திருந்தால் நேரம் கூடியிருக்கலாம், செக்‌ஷன் தடித்திருக்கலாம். 30, 40 மைக்ரான் மூளை செக்‌ஷனுக்கு 5 நிமிடம் வைத்தால் செங்கல்போல வரும். ஒரு நிமிடத்தில் எடுத்துப் பார்க்கத் தொடங்குங்கள். அடர்ந்துபோன ஸ்லைடைக் காப்பாற்ற ஓடும் தண்ணீரில் சில நிமிடம் வைத்துப் பார்க்கலாம், ஓரளவு குறையும். ஆனால் பெர்ல்ஸ் ஸ்லைடில் இதைச் செய்யாதீர்கள், பிரஷ்யன் நீலம் காரத்தில் நிறம் இழக்கும். அதைப் புதிதாக வெட்டி மறுபடி போடுவதே நேரமிச்சம்.

ஒரே செக்‌ஷனில் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் மெழுகு முழுவதும் போகவில்லை. சாயத்தைக் குறை சொல்வதற்கு முன் சைலீன் ஜார் எத்தனை ஸ்லைடு பார்த்தது என்று எண்ணிப் பாருங்கள். ஜாரில் இரண்டு ஸ்லைடு முதுகோடு முகமாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே தோற்றம்தான்.

கடைசி சைலீனில் ஸ்லைடு பால்போல மங்கினால் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று பொருள். முழு ஆல்கஹாலுக்கு மட்டும் திரும்பிப் போய், புதிய ஆல்கஹாலில் ஒரு நிமிடம் வைத்து மறுபடி சைலீனுக்கு வாருங்கள். 70 சதவீதம்வரை இறங்கினால் சிவப்பையும் இழப்பீர்கள்.

ஜாரில் உள்ள கரைசலை நாள் முடிவில் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 50 மி.லி. கரைசலை மிச்சம் பிடிக்கப் போய், அன்றைய தண்ணீர், நீலம், தூசி எல்லாவற்றையும் அரை லிட்டர் பாட்டிலில் கலந்துவிடுகிறோம். பாட்டிலிலிருந்து ஜாருக்குப் போகலாம், ஜாரிலிருந்து பாட்டிலுக்கு வரக் கூடாது. ஜாரில் இருப்பதை மூடி வைத்து, மறுநாள் வடிகட்டி, கண்ட்ரோல் ஸ்லைடு நன்றாக வரும்வரை பயன்படுத்திவிட்டு, பிறகு ரசாயனக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.